ஜெயிக்கிற கலர் எது பாய்?

ஜெர்சி தைக்கும் தொழிலில் அளவெடுப்பது சுலபம், வெட்டுவது சுலபம், தைப்பதும் சுலபம். நிறம் சொல்வதுதான் ஆளைக் கொல்லும்.

ஒரு டீமுக்குச் சட்டை நிறம் முடிவு செய்யும் கூட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து, தலைவலியோடு எழுந்து வந்திருப்பீர்கள் என்றால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் இருக்கிறது என் கடை. இருபத்திரண்டு வருடமாகத் தும்மிக்கொண்டே தைக்கிறேன். வெள்ளை பாலியஸ்டர் துணியை வெட்டி, நிறத்தைக் காகிதத்தில் அச்சடித்து, இரண்டையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் நிறம் துணியில் ஏறிக்கொள்ளும். ஒரு பக்கம்தான் ஏறும். உள்பக்கம் வெள்ளையாகவே நிற்கும். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயம் பத்தலீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அடுத்த கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்: "ஜெயிக்கிற கலர் எது பாய்?"

எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது. இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் பாதிச் சங்கடம் வந்திருக்காது.

லாரியே வந்தது

நீலம் என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது ஒரு நீலம், என் மனதில் வருவது இன்னொன்று. அதனால் நிறத்துக்குச் சாம்பிள் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். தறி நூல் கோன் வந்திருக்கிறது, பெயிண்ட் டப்பா மூடி வந்திருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்கூட வந்திருக்கிறது. ஒரு வாலிபால் டீம் கத்திரிக்காய் கொண்டுவந்தது. சட்டை அடித்து முடித்ததும் அன்று மதியமே அது எங்கள் குழம்பில் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அதே நிறத்தில் இன்னும் நான்கு சட்டை கேட்டார்கள். கலர் நம்பரை நான் எங்கேயும் குறித்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும். மார்க்கெட்டில் வேறொரு கத்திரிக்காய் வாங்கிச் சமாளித்துவிட்டேன்.

நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கிரிக்கெட் டீம் உண்டு. அவர்கள் கட்டிய ஒரு லாரியின் கேபின் நிறம்தான் வேண்டும் என்றார்கள். வழக்கம்போல, "சாம்பிளைப் பார்க்காமல் அடிக்க மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரே ஹாரன் சத்தம். ஆட்டோ எதிரே வந்தாலே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய சந்து முனையில் பத்துச் சக்கர லாரி ஒன்று திணறிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி மாடியைப் பார்த்துக் கத்தினார்:

"சீக்கிரம் பாத்துருங்க பாய், பின்னாடி டவுன் பஸ்சு நிக்குது!"

வாயைத் திறந்தேன்

மாணிக்கம் முதலில் வந்தது ஐந்து வருடத்துக்கு முன். எடப்பாடி பக்கம் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். அவர் ஊர்த் தறிக்காரர்களின் கபடி டீமுக்குக் கேப்டன். ஒவ்வொரு பங்குனியிலும் மாரியம்மன் பண்டிகைக்குக் கபடிப் போட்டி நடக்கும். கோப்பை வருடா வருடம் பக்கத்து ஊருக்கே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் டீமின் கேப்டன் வேறு யாருமில்லை, மாணிக்கத்தின் மனைவி தனலட்சுமியின் தம்பி குமார். மாமியார் வீட்டு விருந்துக்குப் போனால், கோப்பை வைத்திருக்கும் அலமாரிக்கு நேர் எதிரே மாணிக்கத்துக்கு இலை போடுவார்களாம். "ரசம் ஊத்தும்போது பாத்தாலும் அதுதானுங்க தெரியுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அதுவரை மஞ்சள் சட்டை போட்டுத் தோற்றிருந்தார்கள். எது ஜெயிக்கும் என்று கேட்டார். "சிவப்பு எடுத்துப் போகிறவர்கள் மறுபடியும் வந்து சிவப்பே கேட்கிறார்கள்" என்றேன். அது உண்மைதான், நான் கண்ணால் பார்த்தது. மாணிக்கம் உடனே சிவப்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

என் கட்டிங் மாஸ்டர் சண்முகம் பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவர். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"ஜெயிச்சவன்தானே பாய் மறுபடி வருவான்? சிவப்பு போட்டுத் தோத்தவன் வேற கடைக்குப் போயிருப்பான்."

ஓடி வந்த சட்டை

அப்படியானால் நிறத்துக்கு விளையாட்டில் ஒரு வேலையும் இல்லையா? அப்படியும் நினைக்க முடியாமல் ஒன்று நடந்தது.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்யும் இளைஞர்களின் டீம். அவர்கள் ஆடுவது டென்னிஸ் பந்து கிரிக்கெட். பளீரென்ற பச்சை கலந்த மஞ்சளில் முழுக்கைச் சட்டை கேட்டார்கள். வெயில் காலத்தில் முழுக்கை எதற்கு என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பிரியாணியை முடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அப்போதுதான் புரிந்தது. பந்தின் நிறமும் சட்டையின் நிறமும் ஒன்று. பவுலர் கையைச் சுழற்றும்போது பந்து எங்கே என்றே தெரியவில்லை. நான்கு ஓவரில் ஐந்து விக்கெட். எதிர் டீம் சண்டை போட்டு, அம்பயர் பவுலரைச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுப் போடச் சொன்னார். அதற்கப்புறம் பந்துக்கு அடி விழுந்தது.

எனக்கு அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை. தெரியாமல் செய்தேனா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று செய்தேனா? இன்றுவரை முழுக்கைச் சட்டை கேட்பவர்களிடம் முதலில் பந்து என்ன நிறம் என்று விசாரித்துவிடுகிறேன். அன்று அவுட்டாகி வெளியே வந்த ஒரு பேட்ஸ்மேன், தைத்தவன் நான்தான் என்று தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது:

"பாலே வரலீங்கண்ணா. சட்டைதான் ஓடி வந்து போல்டு பண்ணிட்டுப் போகுது."

மஞ்சள் ஹவுஸ்

நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளி. நான்கு ஹவுஸ், நான்கு நிறம். விளையாட்டு விழாவில் மஞ்சள் ஹவுஸ் எப்போதும் கடைசி என்பதால், பிள்ளையை மஞ்சளில் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுகிறார்களாம். பி.டி. மாஸ்டர் ஒரு யோசனை செய்தார். மஞ்சளை எடுத்துவிட்டு ஆரஞ்சு கொண்டுவந்தார். அந்த வருடம் பழைய மஞ்சள் பிள்ளைகள் இரண்டாவதாக வந்தார்கள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் போன் போட்டு வாழ்த்துகூடச் சொன்னார். ஆனால் கடைசியாக வந்தது பச்சை. அடுத்த ஜூனில் பச்சை ஹவுஸ் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் மறுபடி என் கடைக்கு வந்து, நிற அட்டையை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு மூடி வைத்தார்:

"நாலு பேரு ஓடுனா ஒருத்தன் கடைசியாத்தானுங்க வருவான். அவனுக்குன்னு ஒரு கலரு இருந்தாக் குடுங்க."

ஷேடு

மாணிக்கத்துக்கு வருவோம். சிவப்பு அரையிறுதியில் தோற்றது. மறுவருடம் கறுப்பு கேட்டார். பார்த்தால் எதிராளிக்குப் பயம் வரும் என்றார். பங்குனி வெயில் பயப்படவில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே இரண்டு பேருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருடம் ஆரஞ்சு. இறுதிப் போட்டியில் ஒரே பாயிண்டில் போனது. நான்காம் வருடம், நிறமே வேண்டாம், வெள்ளை என்றார். அதுவும் இறுதிப் போட்டியில் தோற்று, செம்மண் பூசிக்கொண்டு வந்தது. ஐந்தாம் வருடம் ஆரஞ்சும் சிவப்பும் பாதிப் பாதி. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் அவர் படியேறி வரும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும். என் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வருடா வருடம் வருகிறார். நானோ அதில் சோறு சாப்பிடுகிறேன். ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன்: "மாணிக்கம், நிறத்துக்கும் ஜெயிப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சியைக் கூட்டிப் பாருங்கள்." அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்:

"உங்க மேல தப்பே இல்லீங்க பாய். கலரு சரிதான். ஷேடுதான் கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு."

மயில்கழுத்து

இந்த வருடம் தை மாதமே வந்துவிட்டார். வலது முட்டியில் பெல்ட் போட்டிருந்தார். மாடிப்படி ஏறவே நேரம் பிடித்தது. முப்பத்தெட்டு வயதில் முட்டி தேய்ந்துவிட்டது. இனி கபடி ஆடினால் நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "இந்தப் பண்டிகையோட நிறுத்திக்கறேனுங்க பாய். இந்த ஒரு தடவை மட்டும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துப் பிரித்தார். தனலட்சுமியின் முகூர்த்தப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியில் மிச்சம். இளம்பிள்ளை ஊரில் எடுத்த பட்டு, மயில்கழுத்து நிறம். "அவ இந்தப் பொடவையைக் கட்டிக்கிட்டு வந்த அன்னிக்குத்தான் நான் ஒண்ணுல ஜெயிச்சிருக்கேன். இதே கலரு அடிங்க."

ஆர்டர் சொல்லும்போது ஏழு பேருக்குத்தான் பெயர் கொடுத்தார். மாற்று ஆட்கள் ஐந்து பேரின் பெயர்களை நான்கு நாள் கழித்துப் போனில் சொன்னார். முதல் ஏழையும் காலையில், வாசல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்து நிறம் சேர்த்தேன். கலர் நம்பரைக் குறிக்கவில்லை. சாம்பிள்தான் கையில் இருக்கிறதே. அடுத்த ஐந்தையும் சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் சேர்த்தேன். முதல் ஏழும் அதற்குள் கவரில் போய்விட்டன. சண்முகம் அந்த வாரம் தன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

தறிக்காரர்களுக்கு நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மயில்கழுத்தில் நீளவாட்டு நூலான பாவு நீலம், குறுக்கு நூலான ஊடை பச்சை. ஒரு பக்கமாகச் சாய்த்தால் நீலம் தெரியும், இன்னொரு பக்கமாகச் சாய்த்தால் பச்சை தெரியும். அதுதான் அந்தத் துணியின் அழகு. பண்டிகையன்று காலை எட்டு மணிக்கு மைதானத்திலிருந்து மாணிக்கத்தின் போன் வந்தது. கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை:

"பாய், ஏழு நீலம், அஞ்சு பச்சை இருக்குதுங்க. எங்களுக்குள்ளயே மேட்ச் வெக்கச் சொல்றீங்களா?"

தனலட்சுமி திருப்பிப் பார்த்தார்

பைக்கை எடுத்துக்கொண்டு எடப்பாடிக்கு ஓடினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஒரு மனிதர் கடைசியாக ஒருமுறை கேட்டார், அதையும் கெடுத்தேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியாது. மைதானத்தில் போட்டி நடத்துபவர்கள், ஒரே நிறத்தில் வந்தால்தான் விடுவோம் என்று மைக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரை மட்டும் நீலத்தில் இறக்கலாம் என்றால், நாள் முழுக்க ஆட்டம். ஆள் மாற்றாமல் முடியாது. மாணிக்கத்தின் முட்டியை வைத்துக்கொண்டு முடியவே முடியாது. குமார் வந்து சட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, பாதி நேரத்துல சட்டை மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் டீம் மொத்தமும் சிரித்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

மைதானத்துக்கு வந்திருந்த தனலட்சுமி ஒரு சட்டையைக் கையில் எடுத்தார். நெசவு வீட்டில் பிறந்தவர்கள் துணியைக் கையில் வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அவரும் திருப்பினார். வெள்ளை. இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் வெள்ளை. "அல்லாருந் திருப்பிப் போடுங்க" என்றார். தையல் எல்லாம் வெளியே தெரிய, பன்னிரண்டு பேரும் வெள்ளையாக நின்றார்கள். ஸ்கோர் எழுதும் மேசையிலிருந்து மார்க்கர் வாங்கி, ஒவ்வொரு முதுகிலும் நான்தான் நம்பர் எழுதினேன். அவசரத்தில் மாணிக்கத்தின் ஏழு, ஒன்று மாதிரி விழுந்தது.

மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். சாயங்காலம் இறுதிப் போட்டி, குமாரின் டீமோடு. கடைசி நிமிடத்தில் மாணிக்கம் டீம் ஒரு பாயிண்ட் முன்னால். குமாரே கபடி பாடிக்கொண்டு வந்தார். நேராக மாமா நிற்கும் மூலைக்குத்தான் போனார். எந்த முட்டி என்று அவருக்குத் தெரியாதா? காலை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பியவரின் கணுக்காலை மாணிக்கம் விழுந்து பிடித்தார். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விசில் ஊதியபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள், மாணிக்கம் மட்டும் செம்மண்ணில் படுத்தபடி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தார். குமார் ஓரமாக வந்து, "அல்லாரும் வெள்ளையா நின்னா யாரு எவருன்னு எப்படிக்கா தெரியும்?" என்று முறையிட்டார். தனலட்சுமி தம்பியின் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்:

"அக்கா புருசனைத் தெரியலையா உனக்கு? போ சாமி, கோப்பையை நல்லாத் தொடச்சு எடுத்துட்டு வா."

மறுபடியும் மாணிக்கம்

போன வாரம் வந்தார். படியேறவில்லை, மிளகாய் மண்டி வாசலில் நின்று தும்மிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். இனி ஆட மாட்டார், டீமுக்கு மேனேஜர். இப்போதெல்லாம் குமார் விருந்துக்கு வந்தால் இலை எங்கே போடுகிறார்கள் என்று சொன்னார். இந்த முறை கண்ணும் சிரித்தது. அடுத்த பண்டிகைக்கு இப்போதே சொல்லிவிட வந்தாராம்.

நான் உஷாராக முந்திக்கொண்டேன். "வெள்ளைதானே? இந்த முறை நல்ல வெள்ளையாக, நம்பரோடு அடித்துத் தருகிறேன்." மாணிக்கத்தின் முகம் மாறியது. வெறும் வெள்ளை போட்டு நான்காம் வருடம் தோற்றது ஞாபகமில்லையா என்று என்னையே கேட்டார். வேறு என்ன நிறம் என்றேன். நிறத்தில் ஒன்றுமே இல்லை என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஐந்து வருடப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. அவர் பையிலிருந்து அதே ரவிக்கைத் துணியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்:

"ஏழு நீலம், அஞ்சு பச்சை. போன தடவை எப்படித் தப்புப் பண்ணுனீங்களோ அப்படியே பண்ணிக் குடுங்க பாய், நாங்க திருப்பிப் போட்டுக்கறோம்."

ஐந்து வருடம் கவனமாகத் தைத்துக் கொடுத்துத் தோற்கடித்த நான், தப்பாகத் தைத்து ஒருமுறை ஜெயிக்க வைத்துவிட்ட பாவத்துக்கு, கலர் நம்பரை முதல் முறையாக நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு அந்தத் தப்பைப் பிசகில்லாமல் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன்.